‘ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்’ ரத்தப் பரிசோதனை: 2,499 ரூபாய் கொடுத்து எடுத்துப் பார்த்தேன்

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, மன அழுத்தம் உங்கள் எதிர்ப்புச் சக்தியை எவ்வளவு தின்றிருக்கிறது என்று எண்ணாகச் சொல்கிறோம் என்று விற்கிறார்களே, அந்தப் பேக்கேஜை டாக்டர் எழுதித் தராமல் வாங்காதீர்கள். ரத்தம் எடுக்க வந்த தம்பியைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வேன். விற்ற பொருளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. கம்பெனி பெயர் போடவில்லை, இதே மாதிரி பேக்கேஜை வேறு பலரும் விற்கிறார்கள், யாரிடம் வாங்கினாலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதால்.

ஏன் வாங்கினேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும். அம்மாவுக்கு 77 வயது, நாலு வருடமாக டிமென்ஷியா. ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து, பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு, “பஸ் வந்துடும், கதவைத் திற” என்று நிற்பார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்; அவருடைய அக்கா, என் பெரியம்மா, இறந்து இருபது வருடம் ஆகிறது. பகலில் எனக்குப் பள்ளிக்கூடம், பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறேன். ராத்திரி அம்மா. தூக்கம் நாலு மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக. இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது போன ஜனவரியில் முதுகிலிருந்து இடது விலாவைச் சுற்றி ஒரு பட்டை போல எரிச்சல் ஆரம்பித்தது, ஜாக்கெட் பட்டால்கூடத் தாங்க முடியவில்லை, இரண்டு நாளில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். எதிர்வீட்டு அத்தை பார்த்த உடனே சொல்லிவிட்டார்: “இது அக்கி தாயி. குயவர் வீட்டுக்குப் போய் எழுதிட்டு வந்துடு.” எங்கள் ஊரில் இன்றும் காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அங்கே போகவில்லை, ஆனால் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். மருந்துக் கடையில் ஒரு டியூப் கேட்டு வாங்கி ஒரு நாள் முழுக்கத் தடவினேன்.

மறுநாள் தோல் டாக்டர் அந்த டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தனியாக எடுத்து வைத்தார். க்ளோபீட்டசால், வீரியமான ஸ்டீராய்டு. வைரஸ் பெருகிக்கொண்டிருக்கிற இடத்தில், அதை எதிர்க்கிற செல்களை அடக்குகிற மருந்தைத் தேய்த்திருக்கிறேன். கொப்புளம் எப்போது வந்தது என்று கேட்டார். நேற்று முன்தினம் என்றதும், “நல்லவேளை, 72 மணி நேரத்துக்குள்ள வந்துட்டீங்க” என்று சொல்லி வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எழுதினார். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை, தண்டுவடத்துக்குப் பக்கத்தில் நரம்பு முடிச்சில் ஒளிந்து கிடக்கும், காவல் தளர்ந்தால் அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வரும், அதனால்தான் ஒரு பக்கமாக மட்டும் வருகிறது. வயது ஏறுவதுதான் பெரிய காரணம் என்றார். எனக்கு 49. தூக்கமில்லாததும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பாரமும் சேர்ந்திருக்கலாம், ஆனால் இதனால்தான் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

எனக்கு விரல் வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரத்தில் போனைத் திறந்தாலே இந்த விளம்பரம் வந்துகொண்டிருந்தது, பணம் கட்டிவிட்டேன்.

சரி, சேவைக்கு வருகிறேன். பேக்கேஜில் இருந்தவை: கார்டிசால் (மன அழுத்தத்தின்போது, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பி விடுகிற ஹார்மோன்), முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டுகிற சிஆர்பி, வைட்டமின் டி, பி12, தைராய்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை. இவற்றோடு அவர்களே கணக்குப் போட்டுத் தருகிற ஒரு ‘எதிர்ப்புச் சக்தி ஸ்கோர்’. காலை 7 முதல் 7.30 வரை என்று பதிவு செய்திருந்தேன், வந்தது 11.40. வெறும் வயிற்றோடு, அரை நாள் லீவு போட்டுக்கொண்டு, அம்மாவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நடுவில் நாலு தடவை போன் செய்தேன், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் என்றார்கள்.

வந்த தம்பி நல்ல பிள்ளை. புது ஊசியை என் கண் முன்னால் பிரித்தார், பெயரையும் வயதையும் என் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டார், டியூபில் நேரத்தை எழுதி ஒட்டினார், ஒரே குத்து, வலிக்கவில்லை. அம்மா பக்கத்தில் வந்து நின்று “யாரு, மாப்பிள்ளையா?” என்று கேட்டதற்கு, “ஆமா பாட்டி, சாப்ட்டீங்களா” என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நாள் முழுக்க வீடு வீடாக அலைகிற ஒரு பையன் அந்த ஒரு வாக்கியத்தில் காட்டிய பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதைவிட முக்கியமானது, சீட்டைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “மேடம், இதுல கார்டிசால் இருக்கு, இதைக் காலையிலேயே எடுக்கணும்.” ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டார். பரவாயில்லை, எடுத்துவிடு என்று சொன்னார்கள்.

பரவாயில்லை என்று சொல்லியிருக்கவே கூடாது. கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடிகிற நேரத்தில் ஏறும், கண் விழித்த அரை மணி முக்கால் மணிக்குள் இன்னும் ஒரு எட்டு ஏறும், அப்புறம் இறங்கிக்கொண்டே போய் நடு ராத்திரியில் அடிமட்டத்தில் இருக்கும். அதனால்தான் வழக்கமாகக் காலை எட்டு மணி வாக்கில் எடுக்கச் சொல்கிறார்கள். 11.40-க்கு எடுத்த ரத்தத்தைக் காலை நேரத்து அளவுகோலோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் தெரியும். அதுதான் நடந்தது. எனக்கு 5.1 மைக்ரோகிராம், பக்கத்தில் காலை அளவு என்று 6.2 முதல் 19.4 வரை அச்சாகியிருந்தது, சிவப்பு எழுத்தில் ‘குறைவு’ என்று வந்துவிட்டது. ரத்தம் எடுத்த நேரம் அதே தாளின் மேல் மூலையில் 11.40 என்று இருக்கிறது. தாளைத் தயாரித்தவர்கள் அதைப் பார்க்கவே இல்லை.

எதிர்ப்புச் சக்தி ஸ்கோர் நூற்றுக்கு 54. இந்த எண்ணை நான் மூன்று நாள் மனசுக்குள் தூக்கிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் எதிர்ப்புச் சக்தியை அப்படி ஒற்றை எண்ணால் அளக்கிற பரிசோதனை எதுவும் கிடையாது. எதிர்ப்பு என்பது ஒரு பொருள் இல்லை. எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறவை, நிணநீர் முடிச்சில் காத்திருக்கிறவை, தோலுக்கு அடியில் ரோந்து போகிறவை என்று பல வகை செல்கள், அவை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சைட்டோகைன் என்ற செய்திகள். வைட்டமின் டியையும் வெள்ளணுக்களையும் கூட்டி வகுத்தால் அது வராது.

ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலமே ஆலோசகர் என்று ஒரு பெண் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், உங்க அட்ரினல் சோர்ந்து போயிருக்கு, அதான் அக்கி வந்திருக்கு” என்று சொல்லி, மூன்று மாத அஸ்வகந்தா கோர்ஸ் ஒன்றைப் பரிந்துரைத்தார். இங்கேதான் எனக்கு விழித்துக்கொண்டது. ‘அட்ரினல் ஃபெடீக்’ என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோய் எதுவும் இல்லை. அட்ரினல் நிஜமாகவே வேலை செய்யாமல் போகிற நோய் இருக்கிறது, அடிசன் நோய் என்று பெயர், அது உயிருக்கு ஆபத்தானது, அதைப் போனில் மாத்திரை விற்றுச் சரி செய்ய முடியாது. அப்புறம் அஸ்வகந்தா, நம் அமுக்கரா கிழங்குதான், சில சிறிய ஆய்வுகளில் கார்டிசாலைக் கொஞ்சம் குறைத்ததாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கார்டிசால் குறைவு என்று சொல்லிவிட்டு, அதை இன்னும் குறைப்பதாகப் பேசப்படுகிற மாத்திரையையே ஏன் தருகிறீர்கள் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை, அவர் கையில் கொடுத்த தாளில் இல்லாத கேள்வி அது. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அந்த மாத்திரையால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகவும், தைராய்டு அளவு மாறுவதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. போனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரினல் என்று மூளையிலிருந்து அட்ரினலுக்குக் கட்டளை போகிற பாதையை வருடா வருடம் போர்டில் படம் போட்டு அம்புக்குறி வரைந்து நடத்துகிறவள் நான். அழுத்தம் எதிர்ப்புச் சக்தியை மாற்றும் என்று பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் போய்விடுகிற விஷயம் உடம்பில் எப்படி நடக்கிறது என்பதை இந்த மூன்று மாதத்தில்தான் உட்கார்ந்து படித்தேன், அதைக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன், இந்தப் பேக்கேஜ் ஏன் வீண் என்பது அதில்தான் இருக்கிறது.

தெருவில் நாய் துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்ரினலின் பாய்கிறது, இதயம் அடிக்கிறது, எதிர்ப்பு செல்களில் ஒரு பகுதி தங்கள் இடத்தை விட்டு ரத்தத்துக்குள் இறங்குகிறது, பிறகு தோல் பக்கம் போகிறது, கடி விழுந்தால் தயாராக இருக்க வேண்டும் என்பது போல. இந்தக் குறுகிய நேர அழுத்தம் எதிர்ப்பைக் கெடுப்பதில்லை, சில விதங்களில் கூர்மையாக்கவே செய்கிறது. கார்டிசால் கொஞ்சம் தாமதமாக வருகிறது. அது செல்லுக்குள் நுழைந்து ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்கே போய், அழற்சிச் செய்திகளை எழுதுகிற மரபணுக்களின் வாயை அடைக்கிறது. வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள் ரத்தத்தை விட்டு மஜ்ஜை போன்ற இடங்களுக்கு ஒதுங்குகின்றன, சில அழிகின்றன. இன்னொரு வகையான நியூட்ரோபில்கள் ரத்தத்தில் கூடுகின்றன. கார்டிசாலைப் போலவே வேலை செய்கிற ஸ்டீராய்டு மருந்தைச் சாப்பிடுகிறவர்களின் ரிப்போர்ட்டில் வெள்ளணு கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம், எல்லா நேரமும் கிருமித் தொற்று என்று பயப்பட வேண்டியதில்லை.

இதைக் கேட்டால் கார்டிசால் வில்லன் என்று தோன்றும். இல்லவே இல்லை. அது இல்லாவிட்டால் நம் எதிர்ப்பே நம்மை எரித்துவிடும். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச், நடக்க முடியாமல் கிடந்த மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கார்டிசோனை ஊசி போட்டார், சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஸ்டீன் மூவருக்கும் நோபல் பரிசு. கோவிட் காலத்தில் ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது மரணம் குறைந்தது, 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு காட்டியது இதைத்தான். அதே ஆய்வில் ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருடம் நம் நாட்டில் கரும்பூஞ்சை பரவியதற்கு, கட்டுப்படாத சர்க்கரையோடு ஸ்டீராய்டை அளவுக்கு மீறிக் கொடுத்ததும் ஒரு முக்கியக் காரணம் என்றார்கள். ஒரே குடும்பத்து மருந்து, எந்த நேரம், எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாள்பட்ட அழுத்தத்தில் இன்னொரு சிக்கல். கார்டிசால் வந்துகொண்டே இருந்தால் செல்கள் அதன் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கின்றன. அழற்சியை நிறுத்து என்று சொன்னாலும் அது நிற்பதில்லை. அமெரிக்காவில் ஷெல்டன் கோஹனின் குழு 2012-இல் இதைச் சளி வைரஸ் கொடுத்துச் சோதித்தது, அதிலும் ரத்தத்தில் எவ்வளவு கார்டிசால் என்பதைவிட, செல்கள் அதற்கு எவ்வளவு இணங்குகின்றன என்பதுதான் யாருக்குச் சளி பிடித்தது என்பதோடு ஒத்துப்போனது. அப்படியென்றால் ஒரு நாள், ஒரு வேளை எடுத்த ஒரு எண்ணை வைத்து என் உடம்பின் நாலு வருடத்தைப் படித்துவிட முடியுமா?

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த 1995 ஆய்வு கண்ணில் பட்டது, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் செய்தது. டிமென்ஷியா வந்த உறவினரைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் 13 பேர், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டரில் ஒரே அளவு சின்னக் காயம் செய்து, ஆறுகிற வரை பார்த்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாள். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 48-க்கும் மேல். ஒன்பது நாள் வித்தியாசம். சின்ன ஆய்வு, 26 பேர்தான், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் முப்பது வருடம் முன்னால், வேறு நாட்டில், என்னைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து அளந்து பார்த்திருக்கிறார். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கதவுப் பக்கத்தில் நிற்பது தோலில் தெரியும் என்று காட்டியிருக்கிறார். இதே குழு 1998-இல் பல் மருத்துவ மாணவர்களுக்கு மேலண்ணத்தில் காயம் செய்து பார்த்தபோது, விடுமுறையைவிடப் பரீட்சை நேரத்தில் ஆற 40 சதவீதம் கூடுதல் நாளானது. என் பிள்ளைகள் மார்ச் மாதம் வாய்ப்புண்ணோடு வந்து உட்காருவது நினைவுக்கு வந்தது.

தூக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2015-இல் வெளியான ஆய்வில் 164 பேரின் தூக்கத்தைக் கையில் கட்டிய கருவியால் ஒரு வாரம் அளந்துவிட்டு, மூக்கில் சளி வைரஸ் சொட்டுவிட்டார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கிற வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல்.

கதையின் மிச்சம். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பொது மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது ரத்தம் எடுத்த நேரம். இரண்டாவது, ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீர்களா, மாத்திரை, மூட்டு ஊசி, ஆஸ்துமா மருந்து, சிவப்பழகு கிரீம், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சொந்தச் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும், கார்டிசால் நிஜமாகவே குறையும். ஒரு நாள் தடவிய டியூப் ஒன்றும் செய்யாது, மாதக் கணக்கில் உடம்பு முழுக்கத் தடவுகிறவர்களுக்கு அது நடக்கலாம். அப்படி மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்து திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, சுரப்பி மறுபடி எழுந்திருக்க நேரம் வேண்டும், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் மொத்தக் கார்டிசால் கூடுதலாகக் காட்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். பேக்கேஜ் புக் செய்தபோது இதில் ஒரு கேள்விகூட யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பக்கத்து லேபில் காலை 8.05-க்கு மறுபடி எடுத்தேன், கார்டிசால் மட்டும், 500 ரூபாய்க்குள் முடிந்தது. 14.2. எந்தக் குறையும் இல்லை.

என்னைத் தேற்றியது வேறு. அக்கி வந்த விஷயம் தெரிந்து என் கூடப் பிறந்த தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்து அம்மாவை இரண்டு வாரம் கூட்டிக்கொண்டு போனான். முதல் இரண்டு ராத்திரி நான் பழக்கத்தில் ஒன்றரை மணிக்கு எழுந்து கதவைப் பார்த்தேன், மூன்றாம் நாளிலிருந்து தூங்கினேன். கொப்புளம் பத்து நாளில் பொருக்குத் தட்டியது, எரிச்சல் மட்டும் இன்னும் ஒரு மாதம் இருந்தது. தூங்கியதால்தான் ஆறியது என்று நான் சொல்ல மாட்டேன், மாத்திரையும் சரியான நேரத்தில் கிடைத்தது. அம்மா திரும்பி வந்த பிறகு வாரம் மூன்று ராத்திரி ஓர் அக்கா வந்து படுத்துக்கொள்கிறார், ஒரு ராத்திரிக்கு 700 ரூபாய். அந்த 2,499-ஐ இவரிடம் கொடுத்திருந்தால் மூன்று முழு ராத்திரி தூங்கியிருப்பேன் என்று நினைக்கும்போதுதான் எனக்கு மனசு கனக்கிறது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைப் படித்தால், தயவு செய்து உங்கள் பணத்தை முதலில் அந்தப் பக்கம் செலவழியுங்கள், கூடப் பிறந்தவர்களிடம் வாய் திறந்து கேளுங்கள், நான் கேட்காமலே நாலு வருடம் ஓட்டினேன்.

50 வயதுக்கு மேற்பட்டவர்கள் அக்கித் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம், 2023-இலிருந்து இங்கேயும் கிடைக்கிறது, இரண்டு டோஸ், விலை அதிகம்தான்.

மதிப்பெண்: ரத்தம் எடுத்த தம்பிக்கு ஐந்துக்கு ஐந்து. நேரம் தவறாமைக்கு ஒன்று. ரிப்போர்ட்டுக்கு ஒன்று, மூன்று மாதச் சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் உபயோகமாக இருந்ததால் அந்த ஒன்று. ஸ்கோருக்கும் போன் ஆலோசனைக்கும் பூஜ்யம்.

கார்டிசாலுக்கான பணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்று, 11.40 என்று அச்சான தாளைப் படம் எடுத்து அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. பார்க்கிறோம் மேடம் என்று ஒரு பதில் வந்திருக்கிறது. டாக்டர் எழுதித் தந்து கார்டிசால் எடுக்கிறவர்கள், வீட்டுக்கு வருகிறவர் ஒன்பது மணி தாண்டி வந்தால், எடுக்காதீர்கள், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தம்பியே அப்படித்தான் சொல்ல நினைத்தார்.